முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி

தோ பாயோவில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் நொவீனா. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மாண்டலே சாலையில் தேசிய சரும நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே 2019-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையமும் இருக்கிறது. பாலியல் நோய்களைப் பற்றித் தெரிந்த மருத்துவர்கள் இவ்வளவு அருகில் கிடைப்பது பல ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத வசதி. ஆனால் தனக்குத் தொற்றியிருக்கலாம் என்றே தெரியாதவர் எதற்காக நொவீனாவில் இறங்கப்போகிறார்? கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிஃபிலிஸின் முதல் புண் வலிக்காது, சில வாரங்களில் மருந்தில்லாமலே ஆறியும் விடும். புண் ஆறிய பிறகும் கிருமி உடலுக்குள் தன் வேலையைத் தொடரும்.

ஆகவே யாராவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒருவர்தான்: நோய் உறுதியாகி, மருத்துவரின் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கும் நோயாளி.

2020-இல் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டிருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கிளமிடியா, வெட்டை நோய், சிஃபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் என்ற நான்கை மட்டும் சேர்த்த கணக்கு இது. நான்குமே மருந்தால் குணமாகக் கூடியவை. குணமானவரின் துணைக்கு மருந்து போகாவிட்டால் நோய் திரும்பவும் குணமானவரிடமே வந்து சேரும். துணைக்குத் தெரிவிக்கும் வேலையை மருத்துவத் துறை நூறாண்டுகளுக்கு மேலாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

அந்த நீண்ட வரலாறு பெருமைப்படும்படி இல்லை. நீரிணைக் குடியேற்றங்களில் பிரிட்டிஷார் 1870-இல் கொண்டுவந்த தொற்றுநோய் அவசரச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து சோதித்தது. அவர்களிடம் போன ஆண்களை அது தொடவில்லை. இங்கிலாந்தில் 1942-இல் வந்த 33பி என்ற போர்க்கால விதியின்படி, இரண்டு நோயாளிகள் தனித்தனியே ஒருவரைக் கைகாட்டினால் அவரைக் கட்டாயமாகச் சோதிக்கலாம். அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போருக்குப் பிறகு சிங்கப்பூரில் பாலியல் நோய்ச் சிகிச்சைக்கு மிடல் ரோடு மருத்துவமனை பெயர்பெற்றிருந்தது. 1988-இல் தேசிய சரும நிலையம் தொடங்கப்பட்டபோது அம்மருத்துவமனையின் பொறுப்புகள் அதற்கு வந்தன. டிஎஸ்சி மருந்தகம் எனப்படும் பாலியல் நோய்ப் பிரிவு ஜாலான் புசாருக்கு அருகே, தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய கிளந்தான் லேனுக்கு மாறியது. அதே 1988-இல் உருவான ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ அமைப்பு, பெயர் கேட்காமல் எச்ஐவி சோதனை செய்யும் சேவையை 1991 முதல் அங்கேயே நடத்தத் தொடங்கியது. டிஎஸ்சி மருந்தகம் என்றாலே அதன் வாசலில் யாராவது தெரிந்தவரைப் பார்த்துவிடுவோமோ என்று பயந்த தலைமுறைகள் இங்கே உண்டு.

துணைக்குத் தெரிவிக்க வழக்கமான வழிகள் இரண்டு. நோயாளி தானே துணையிடம் சொல்லலாம். முடியாதென்றால் சுகாதார ஆலோசகர், நோயாளியின் பெயரை வெளியிடாமல், துணையைத் தொடர்புகொள்வார். இரண்டு வழிக்கும் துணையின் பெயரோ முகவரியோ தொலைபேசி எண்ணோ வேண்டும். இணையம் வந்ததும் முதலில் உடைந்தது இந்த இடம்தான்.

1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரப் பொதுச் சுகாதாரத் துறை சிஃபிலிஸ் கண்ட சில ஆண்களை விசாரித்தது. அவர்கள் எல்லாரும் ஏஓஎல் நிறுவனத்தின் ஒரே அரட்டை அறையில் துணை தேடியவர்கள் என்று தெரியவந்தது. யாரோடு பழகினீர்கள் என்று கேட்டால் அவர்களால் திரைப்பெயரைத்தான் சொல்ல முடிந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார் என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. அதிகாரிகள் திரைப்பெயர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஜெஃப்ரி கிளாஸ்னரும் சக ஆய்வாளர்களும் இதை 2000-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் எழுதினார்கள். குறிப்பிடப்பட்ட துணைகளில் 42 விழுக்காட்டினருக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அவர்கள் சோதனை செய்துகொண்டதும் உறுதியாயிற்று. முகவரியே இல்லாத மனிதர்களை வைத்துப் பார்த்தால் அது நல்ல அறுவடை.

அந்த அனுபவத்திலிருந்து 2004-இல் அதே நகரில் ‘இன்ஸ்பாட்’ என்ற இணையத்தளம் பிறந்தது. பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவதுபோல, உனக்கும் தொற்றியிருக்கலாம், சோதித்துக்கொள் என்ற மின் அட்டையைத் துணைகளுக்கு அனுப்ப முடிந்தது. பெயரைப் போடுவதும் போடாததும் அனுப்புபவர் விருப்பம். நான்கே ஆண்டுகளில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் 49,500-க்கும் மேற்பட்ட அட்டைகளை அனுப்பியதாக 2008-இல் ‘பிளோஸ் மெடிசின்’ இதழில் அதை நடத்தியவர்கள் எழுதினார்கள். எண்ணிக்கை கண்ணைப் பறித்தது. பிறகு மற்றவர்கள் அளந்து பார்த்தபோது படம் மாறியது. சியாட்டில் பகுதியில் நடந்த ஒரு சோதனை ஆய்வு, சேர ஆளில்லாமல் பாதியிலேயே நின்றது. கொலராடோவில் செய்த மதிப்பீட்டில், நோய் உறுதியானவர்களில் இந்தத் தளத்தைக் கேள்விப்பட்டவர்களே குறைவு என்றும் பயன்படுத்தியவர்கள் அதனினும் குறைவு என்றும் தெரிந்தது.

அனுப்பப்பட்ட அட்டைகளை எண்ணிவிடலாம். சோதனைக்கு வந்த மனிதர்களை எண்ணுவது கடினம். மின்வழி அறிவிப்பு பற்றிய எந்தப் பெருமிதத்தையும் இந்த வேறுபாட்டை வைத்தே எடைபோட வேண்டும்.

மெல்பர்ன் பாலியல் சுகாதார நிலையம் 2008-இல் தொடங்கிய ‘லெட் தெம் நோ’ தளம் இன்னும் நிதானமாக யோசித்தது. நோய் உறுதியானவர் முதலில் எந்தத் தொற்று என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். துணையிடம் நேரில் பேசுவதென்றால் எப்படித் தொடங்கலாம், அவர் கோபப்பட்டால் என்ன சொல்லலாம் என்பதற்கான குறிப்புகள் அங்கே கிடைக்கின்றன. பேச முடியாதென்றால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பலாம். வாசகங்கள் முன்பே எழுதப்பட்டவை. துணை தன் மருத்துவரிடம் எடுத்துச் செல்வதற்கான மாதிரிக் கடிதமும் உண்டு. மெல்பர்ன் ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் கேட்டபோது, நிலையான துணைக்கு நேரில் சொல்வதையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஒரே ஒருமுறை சந்தித்தவர், பிரிந்துபோனவர், பெயர் மறந்துபோனவர் ஆகியோருக்கே குறுஞ்செய்தி பொருத்தமாகப் பட்டது. ஆகவே மின்வழி அறிவிப்பு எல்லாருக்குமான மாற்று இல்லை. வேறெந்த வழியிலும் செய்தி எட்டாத ஒரு கூட்டத்துக்கான வழி.

நெதர்லாந்து இன்னொரு ஓட்டையை அடைத்தது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ‘உனக்குப் பால்வினை நோய்’ என்று அனுப்ப முடிந்தால், முன்னாள் காதலரைப் பழிவாங்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான ஆயுதம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் மருந்தகங்களில் 2012-இல் அறிமுகமான ‘சஜஸ்ட்-எ-டெஸ்ட்’ தளத்தில், நோய் உறுதியானவருக்கு மருத்துவப் பணியாளர் ஒரு குறியீட்டு எண் தந்தார். அந்த எண் இருந்தால்தான் செய்தி அனுப்ப முடிந்தது. செய்தி பெற்றவரும் தமக்கு வந்த குறியீட்டை வைத்து எந்த நோய் என்பதைத் தளத்தில் பார்க்க முடிந்தது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் குறியீடு பெற்றவர்களில் ஏழில் ஒருவர் அளவுக்கே அதைப் பயன்படுத்தினார்கள். அப்படி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பெயரை மறைத்தே அனுப்பினார்கள்.

இனி இந்தச் செய்தி தோ பாயோவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம்.

லோரோங் 8-இல் ஒரு வீவக வீடு. இரவுச் சாப்பாட்டு நேரம். கைத்தொலைபேசி மேசைமேல் கிடக்கிறது. திரை பூட்டியிருந்தாலும் வந்த குறுஞ்செய்தியின் முதல் இரண்டு வரி மேலே மின்னும். அதில் சிஃபிலிஸ் என்ற சொல் இருந்தால், பெற்றவருக்கு முன்னால் பக்கத்தில் சோறு போடுபவர் படித்துவிடுவார். இது மருத்துவ நூல்களில் வராத விவரம். வடிவமைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியதும் இதுதான். முதல் இரண்டு வரியில் நோயின் பெயரே வரக்கூடாது.

செய்தி பெற்றவர் தனியே போய் அதைத் திறக்கிறார். அறியாத எண், பதற வைக்கும் வாசகம், கீழே ஓர் இணைப்பு. ‘உடனே தட்டவும்’ என்ற அவசரமும் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் கடந்த சில ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைக்கும் இதற்கு என்ன பொருள் என்று தெரியும்: மோசடி.

அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். வங்கி வழக்கமாக அனுப்பும் உண்மையான செய்திகளின் வரிசையிலேயே போலிச் செய்தியும் போய் உட்கார்ந்துகொண்டதுதான் அதன் தந்திரம். அடுத்த மாதமே வங்கிகள் தங்கள் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டக்கூடிய இணைப்புகளை நீக்க வேண்டும் என்று நாணய ஆணையம் அறிவித்தது. 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டுச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதிவில்லாத பெயரிலிருந்து வருபவை ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரையோடு வரத் தொடங்கின. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகள் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் செய்தி அனுப்பத் தொடங்கின. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று இத்தனை ஆண்டுகள் படித்துப் படித்துச் சொன்ன நகரில், மெல்பர்ன் பாணிச் செய்தியை அப்படியே இறக்கினால் அது பெட்டியைத் திறக்கும் முன்பே அழிக்கப்படும்.

மோசடிப் பயத்தைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி 28 அன்று சுகாதார அமைச்சு ஓர் உண்மையை வெளியிட்டது. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்து இணையத்தில் ஏறியிருந்தன. 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டவர்கள். பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, சோதனை முடிவு எல்லாம் அதில் இருந்தன. செய்தித்தாள்கள் 14,200 என்ற எண்ணைத் தலைப்பில் போட்டன. அதற்குக் கீழே இன்னோர் எண் இருந்தது: 2,400. தொடர்புத் தடமறிதலில், அதாவது நோயாளிகள் அடையாளம் காட்டியதன் மூலம், 2007 மே வரை கண்டறியப்பட்டவர்கள் இவர்கள். இவர்களின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி ஆகியவையும் கசிந்த கோப்புகளில் இருந்தன.

துணைக்குத் தெரிவிக்கும் திட்டம் எதைப் பற்றிப் பேசினாலும் இந்த 2,400 பேரை மறக்கக் கூடாது. இவர்கள் எந்தச் சோதனைக்கும் தாமாக வந்தவர்கள் அல்லர். இவர்கள் நலனுக்காகவே யாரோ இவர்கள் பெயரைச் சொன்னார், யாரோ எழுதி வைத்தார், பல ஆண்டுகள் கழித்து அது வெளியே போயிற்று. எழுதி வைக்காத பெயர் கசியாது. மின்வழி அறிவிப்புக்கு இருக்கும் வலுவான நியாயம் அதன் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், துணையின் எண்ணை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமலே செய்தியைச் சேர்க்க முடியும் என்பதுதான் அதன் முதல் பயன்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சேமிக்கமாட்டோம் என்று சொல்வதை மக்கள் நம்ப வேண்டும். கொவிட் காலத்தில், 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தபோது, அது தடமறிதலுக்கு மட்டுமே என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். குற்ற விசாரணைக்குக் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எழுந்த அதிருப்தியால் அடுத்த மாதமே, கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தால் வரம்பு போட்டார்கள். தனியார் செயலிகளும் உத்தமர்கள் அல்லர். கிரைண்டர் என்ற துணைதேடும் செயலி பயனர்களின் எச்ஐவி விவரத்தை வேறு இரண்டு நிறுவனங்களோடு பகிர்ந்துவந்தது 2018-இல் அம்பலமானது. 2021-இல் நார்வே தரவுப் பாதுகாப்பு ஆணையம், பயனர் தரவை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக அதற்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரின் தொற்றுநோய்ச் சட்டப்படி, தமக்கு எச்ஐவி இருப்பதை அறிந்தவர் உறவுக்கு முன் துணையிடம் அபாயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதைத் தளர்த்தியது. தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, சோதனையில் அது உறுதியாகியிருந்தால், சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த நிலையில் உடலுறவின் வழி கிருமி தொற்றாது என்ற அறிவியல் உண்மைக்குச் சட்டம் இணங்கி வந்திருக்கிறது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார் என்று மருத்துவர் நியாயமாகக் கருதினால், நோயாளிக்கு முன்னறிவிப்புக் கொடுத்த பிறகு வாழ்க்கைத் துணைக்கோ மற்றத் தொடர்புக்கோ மருத்துவரே தெரிவிக்கவும் இச்சட்டம் இடம் தருகிறது.

இந்தியா இதே கேள்வியைச் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் எதிர்கொண்டது. 1995-இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக ரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே போய், நிச்சயமாகியிருந்த அவர் திருமணம் நின்றது. மருத்துவமனை ரகசியத்தை மீறிவிட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். மணப்பெண்ணின் உயிரும் உடல்நலமும் ரகசியத்தைவிடப் பெரிது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், நோய் உள்ளவரின் திருமண உரிமை பற்றி நீதிபதிகள் சொன்னவற்றை 2002 டிசம்பரில் நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. பிறகு 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் இன்னும் நுணுக்கமாக விதி செய்தது. துணைக்குத் தெரிவிக்கும் மருத்துவரோ ஆலோசகரோ ஆலோசனை கூறி, நேரில்தான் தெரிவிக்க வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்து, தெரிவித்தால் அவருக்கு வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற அச்சம் இருந்தால், தெரிவிக்கக் கூடாது. எச்ஐவிக்குக் குறுஞ்செய்தி போதாது என்பதைச் சட்ட மொழியில் சொல்லும் விதி இது.

பெண்ணைப் பற்றிய அந்த எச்சரிக்கை பெயரில்லாத செய்திக்கும் பொருந்தும். ஒரே துணையோடு வாழும் கணவனுக்கு மனைவி பெயரில்லாமல் அனுப்பினாலும் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நொடி போதும். பெயரை மறைப்பது பலரோடு பழகியவருக்குக் காப்பு. ஒருவரோடு வாழ்பவருக்கு அது காப்பே இல்லை. அவருக்கு ஆலோசகரின் துணைதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியருக்குச் செய்தி போனால் கதை இன்னொன்று. வேலை அனுமதிக்கு வருபவர்களுக்கு எச்ஐவி, சிஃபிலிஸ் உள்ளிட்ட சோதனைகள் உண்டு. எச்ஐவி இருந்தால் வேலை அனுமதி கிடைக்காது. 2015-இல் குறுகிய கால வருகையாளர்களுக்கான எச்ஐவி தடை நீங்கியது, நீண்ட கால அனுமதிக்கான தடை நீங்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்த ஒருவர், ‘சோதித்துக்கொள்ளவும்’ என்ற வரியைப் படித்ததும் முதலில் கணக்குப் போடுவது உடல்நிலையை அல்ல, மிச்சமிருக்கும் கடனை. சிஃபிலிஸ், வெட்டை, கிளமிடியா மூன்றும் மருந்தால் குணமாகக் கூடியவை. அந்த மருந்தைக் கேட்டு வந்ததற்காக வேலை போகாது என்ற உறுதியைச் செய்தி அவரவர் மொழியில், தமிழிலும் வங்காளத்திலும் பர்மியத்திலும், தராவிட்டால் அது அவரைச் சோதனையிலிருந்து இன்னும் தூரமாகத்தான் விரட்டும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் சிங்கப்பூருக்குப் பொருந்தும் முறை ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. நெதர்லாந்தைப் போல, நோய் உறுதியானவருக்கே மருந்தகம் குறியீடு தர வேண்டும். செய்தியில் இணைப்பு கூடாது, ஒரு குறியீடு மட்டும் போதும். பெற்றவர் மருந்தகத்தின் பொது எண்ணைத் தாமே தேடி அழைத்து அந்தக் குறியீட்டைச் சொன்னால், உண்மையான செய்திதானா, எந்தத் தொற்று, எங்கே போகலாம் என்பதை அங்கே இருப்பவர் சொல்வார். பதிவு பெற்ற அனுப்புநர் பெயரில் வர வேண்டும், ஆனால் அந்தப் பெயரே நோயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. செய்தி போன மறுநிமிடம் துணையின் எண் அழிய வேண்டும், அழிவதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். எச்ஐவியை இந்த வழியில் சேர்க்கவே கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரின் குரல் தேவை. திட்டத்தின் வெற்றியை அனுப்பிய செய்திகளால் அளக்காமல், குறியீட்டோடு சோதனைக்கு வந்தவர்களால் அளக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இது ஒன்றும் பெரிய காரியமல்ல. தடையாக நிற்பவை 2019-இல் கசிந்த பட்டியலும், வேலை போகும் என்ற பயமும், மோசடியில் சூடுபட்ட கைகளும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் எந்த அழகான செயலியை வெளியிட்டாலும் அது இன்ஸ்பாட்டைப் போல எண்ணிக்கையை மட்டும் காட்டும்.

அதுவரை, அப்படி ஒரு செய்தி யாருக்காவது வந்தால் செய்ய வேண்டியது எளிது. இணைப்பைத் தொட வேண்டாம், அனுப்பியவர் யார் என்று துருவவும் வேண்டாம். விளையாட்டுக்கு அனுப்பியதாகவே இருந்தாலும் ஒரு ரத்தச் சோதனையாலும் சிறுநீர்ச் சோதனையாலும் யாருக்கும் நட்டமில்லை. உண்மையாக இருந்தால், தொடக்க நிலையில் பிடிபட்ட சிஃபிலிஸ் ஒரே தவணை பென்சாதின் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும்.